முதற்குடத் தண்ணீர்

எங்கள் குடியேற்றத் திட்டத்துக்குத் தண்ணீர்த் தாங்கி வந்த வருடம்தான் என் வயிற்றில் முதல் பிள்ளை தங்காமல் போனது. இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்ல எனக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த நேரத்தில் யாரும் அப்படிச் சேர்த்து நினைக்கவில்லை. தாங்கி வந்தது ஊருக்கு நல்ல காரியம். பிள்ளை போனது என் உடம்பின் குறை. அப்படித்தான் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஐம்பதுகளின் நடுவில், கலியாணம் முடித்த அடுத்த வருடம், என் கணவருக்கு வன்னியில் வயற்காணி கிடைத்தது. நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆட்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் முரசுமோட்டையைக் கடந்து, பஸ்ஸை விட்டிறங்கி, காட்டை வெட்டிப் போட்ட கிறவல் பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் திட்டம் வரும். அரசாங்கம் கட்டிய சின்ன வீடுகள், ஒன்றைப் போலவே மற்றதும், வரிசை வரிசையாக நின்றன. எங்களுடையது முதல் வரிசையில் முதல் வீடு.

வயலுக்கு வாய்க்கால் இருந்தது. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. வீட்டுக் காணியில் கிணறு வெட்டியவர்களுக்கு ஒன்றில் பாறை தட்டியது, இல்லாவிட்டால் உவர் வந்தது. எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, தேநீருக்கு விட்ட பால் திரைந்து போகும். வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் குடித்த முதல் மாரியிலேயே நெருப்புக் காய்ச்சல் வந்து இரண்டாம் வரிசையில் ஓர் இளம் குடும்பத்தலைவன் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் ஆண்கள் வயல் வேலையை விட்டுவிட்டுக் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, தண்ணீர் கேட்டு நின்றார்கள்.

கடைசியில் தாங்கி வந்தது. புதிது அல்ல. வேறெங்கோ நின்றதைக் கழற்றி, இரும்புத் தகடுகளாக லொறியில் ஏற்றி வந்தார்கள். குளக்கட்டுக்குக் கீழே ஒரு பெரிய கிணறு வெட்டி, சீமெந்துத் தட்டால் மூடி, பக்கத்தில் எஞ்சின் வைத்தார்கள். எங்கள் வரிசைக்கு நேரே நாலு இரும்புக் கால்களில் தாங்கி ஏறியது. தகடெல்லாம் துரு. வேலையாட்கள் துருவைச் சுரண்டிவிட்டு உள்பக்கம் முழுவதும் செந்தூர நிறத்தில் ஒரு பெயின்ற் பூசினார்கள். அது காய்ந்த பின் மறுபடியும் பூசினார்கள். எண்ணெய் மணம் எங்கள் குசினி வரைக்கும் வந்தது. அந்த மணம் எனக்குப் பிடித்திருந்தது. புது வீட்டு மணம் மாதிரி.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் மாலையோடு வந்தார். குழாயில் தண்ணீர் கொட்டியபோது பெண்கள் கைகளில் ஏந்தி ஏந்திக் குடித்தோம். உவர் குடித்துப் பழகிய வாய்க்கு அது இளநீர் மாதிரி இருந்தது.

வரிசைக்கு ஒரு குழாய். எங்கள் வரிசைக் குழாய் என் வாசலில். காலையிலும் பின்னேரமும்தான் தண்ணீர் திறப்பார்கள். இரவு முழுவதும் பூட்டியிருந்த குழாய் காலையில் ஒரு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கும். முதற் குடம் என்னுடையது. வாசல் என்னுடையது என்பதால் அது எனக்கு உரிமை மாதிரி ஆகிவிட்டது. அடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. அவரும் தீவுப்பகுதிதான்; என்னைவிட ஏழெட்டு வயது கூட. அவருடைய சின்ன மகளை எல்லோரும் குஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். அது வாய் மூடாத பிள்ளை. குழாயடியில் நின்று எங்கள் எல்லோருடைய குடும்பக் கதையையும் எங்களுக்கே சொல்லும்.

அந்த வருடமே, வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்தது. திட்டத்துக்குப் பொறுப்பான அரசாங்க மருத்துவிச்சி, குடையும் கறுப்புப் பையுமாக வெயிலில் நடந்து வந்தார். என்னைக் கழுவிப் படுக்க வைத்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, முதல் பிள்ளை இப்பிடி நழுவுறது புதினமில்லை. பாரம் தூக்காதை. மலேரியாக் குளிசையை விடாமல் போடு. அடுத்தது நிக்கும்."

அடுத்தது நின்றது. மாதம் முழுவதும் நின்றது. பெண்பிள்ளை. முடியும் நகமும் எல்லாம் சரியாக இருந்தன, அழவில்லை. மருத்துவிச்சி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டார். என் கணவர் அவளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை நான் வாசற்படியில் இருந்து பார்த்தேன். எங்கே என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வரிசையில் எனக்கு மட்டுமல்ல. நாலாம் வீட்டுக்குக் கலியாணமாகி வந்த பிள்ளைக்கும் இரண்டு தரம் அப்படி நடந்தது. காட்டை வெட்டிக் குடியேறியதால் வந்த முனியின் வேலை என்றார்கள். நான் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். என் கணவருக்கு வயிற்றுக்குத்து, கைகால் உளைவு. வயல் வேலை செய்கிற மனிதனுக்கு உளைவு வராமல் என்ன என்று அவரே சிரிப்பார். அக்காவுக்கு முகம் வெளிறிப் போயிருந்தது. என் முகமும் அப்படித்தான் என்று அவர் சொல்வார்.

கொழும்பில் தமிழரை அடித்த கலவரம் நடந்து முடிந்த அடுத்த வருடம். அறுவடைக்கு முந்திய நாட்கள். குஞ்சு பேசுவதைக் குறைத்தாள். எங்களுக்கு முதலில் அது ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு சாப்பிட மாட்டேன் என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கத்துவாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். ஒரு காலை குழாயடியில், நான் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, என் காலடியிலேயே விழுந்து வலிப்பு வந்தது. கண் மேலே செருக, வாயில் நுரை.

அவளுடைய தகப்பன் தூர வயலில் நின்றார். ஆளனுப்பிவிட்டு, என் கணவர் வண்டிலைப் பூட்டினார். நானும் அக்காவும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வீதிக்கு வந்து, பஸ் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அக்கா, "குஞ்சு, கதையம்மா. ஏதாவது கதை," என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.

டொக்டர் இளம் ஆள், யாழ்ப்பாணத்தவர். பிள்ளையின் வலிப்பை ஊசி போட்டு அடக்கிவிட்டு, கீழ்ச்சொண்டை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளையைக் கட்டிலோடு யன்னலருகில் தள்ளச் சொல்லி, வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தார்.

"பிள்ளை மண், சுண்ணாம்பு தின்னுறவளோ?"

"இல்லை டொக்டர்."

"நெத்திக்கு, கண்ணுக்கு ஏதும் செந்தூரம், மை பூசுறனீங்களோ?"

"திருநீறு மட்டுந்தான்."

"எதிலை சமைக்கிறியள்?"

"மண்சட்டியிலை."

"தண்ணி?"

"பைப் தண்ணி டொக்டர்," என்றார் அக்கா. "கவுண்மேந்துத் தண்ணி." அந்த நிலையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஒரு படித்த மனிதருக்கு முன்னால், நாங்கள் வாய்க்காலில் அள்ளிக் குடிக்கிறவர்கள் இல்லை என்று சொல்கிற பெருமை.

டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "நீங்கள் ரெண்டுபேரும் ஒருக்கால் வாயைத் திறவுங்கோ."

என் சொண்டை அவர் இழுத்துப் பார்த்தது எனக்கு வெட்கமாக இருந்தது. நேர்ஸிடம் கண்ணாடி வாங்கி என்னிடம் தந்தார். பல் முரசின் விளிம்பில், பல்லும் சதையும் சேருகிற இடத்தில், பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய நீலக்கோடு. அக்காவின் வாயிலும் இருந்தது. குஞ்சுவின் பால்பற்களைச் சுற்றியும் இருந்தது.

"இது ஈயம்," என்றார் டொக்டர். "உங்கடை தண்ணியிலை ஈயம் கலக்குது எண்டு நினைக்கிறன்."

எங்களுக்கு விளங்கவில்லை. ஈயம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம். அது பூசாத பாத்திரத்தில் புளி கரைத்தால்தான் நஞ்சு.

"ஈயம் நல்லது தானே டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து சொன்னார். "அது வெள்ளீயம். இது காரீயம். பேர்தான் ஒண்டு. இது உடம்புக்குள்ளை போனால் எலும்பிலை போய் இருந்திடும். ரத்தத்தைக் குறைக்கும். சின்னப் பிள்ளையளின்ரை மூளையைப் பிடிக்கும். வயித்துப் பிள்ளையையும் விடாது."

கடைசி வசனம் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. அவருக்கு என் கதை தெரியாது. நான் கண்ணாடியை நேர்ஸிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"கொதிக்க வைச்சுக் குடுத்தால்?" அக்கா கேட்டார்.

"கொதிக்க வைச்சால் கிருமி சாகும். ஈயம் சாகாது."

குஞ்சுவுக்கு ஒரு ஊசி மருந்து இருக்கிறதாம், வெளிநாட்டில். கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் இருக்குமோ தெரியாது, கொண்டுபோனால் அங்கே பார்ப்பார்கள் என்றார். பின்னேரம் வந்து சேர்ந்த குஞ்சுவின் தகப்பன் அதைக் கேட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றார். கலவரத்தில் அவருடைய தமையன் கொழும்பில் இருந்து உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவர். நோயாளிப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, மொழியும் தெரியாமல், கொழும்பு ரெயிலில் ஏறுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. போகச் சொல்லி நாங்கள் யாரும் சொல்லவும் இல்லை. டொக்டர்கூட இரண்டாம் தரம் சொல்லவில்லை. மருந்தை எடுப்பித்துப் பார்க்கிறேன் என்றார். வரும் வரும் என்றிருந்தோம். பால் கொடுக்கச் சொன்னார், கொடுத்தோம். வலிப்பு நின்றது. பிள்ளை வீட்டுக்கு வந்தாள்.

அவள் வந்தபின்பு ஒரு கிழமைக்குள் டொக்டர் எங்கள் திட்டத்துக்கு வந்தார். தன் காரிலேயே வந்து, கிறவல் பாதையில் அது புதைந்து, ஆண்கள் தள்ளிவிட்டார்கள். தாங்கியில் ஏணி வைத்து ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்கும்போது வெள்ளைக் காற்சட்டையில் செந்தூரச் சிவப்புப் பட்டிருந்தது. என் வாசல் குழாயடியில் குந்தியிருந்து, நிலத்துக்குள்ளிருந்து வந்த சாம்பல் நிறக் குழாயைத் தோண்டிப் பார்த்தார். நகத்தால் கீறினார். வெள்ளிபோல் மினுங்கியது.

"இதுவும் ஈயம்," என்றார், திட்டத்து வேலைகளைப் பார்க்கிற ஓவசியரிடம். "மேலை பெயின்ற், கீழை பைப். ரெண்டும்."

ஓவசியர் கெட்டவர் அல்ல. எங்களோடு வியர்வை சிந்தி அந்தத் தாங்கியை நிறுத்திய மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லா இடமும் இந்தப் பெயின்ற்தான் பூசுறது டொக்டர்," என்றார். "இல்லாட்டில் தகடு துருப்பிடிச்சு ஓட்டை விழும். பைப்பும் அப்பிடித்தான் வந்தது. வளைச்சுப் புதைக்கச் சுகம் எண்டு."

"இரவு முழுக்கக் குழாய்க்குள்ளை நிக்கிற தண்ணிதான் கூடாதது. காலமை முதல் வாறதைக் கொஞ்ச நேரம் வெளியிலை ஓட விடோணும். ஆர் முதல் பிடிக்கிறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் முந்திக்கொண்டு, "எங்கடை வீடுதான் கிட்ட," என்றார்.

அதற்குள் திட்டத்து ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மருத்துவிச்சியும் வந்து நின்றார். டொக்டர் எழும்பி நின்று சொன்னார்.

"வளந்த ஆம்பிளையள் வேறை வழியில்லாட்டில் குடிக்கலாம். முழுகாமல் இருக்கிற பெண்டுகளும் சின்னப் பிள்ளையளும் இந்தத் தண்ணியைத் தொடவேண்டாம்."

மருத்துவிச்சி என் தோளில் கை வைத்தார். அப்போது எனக்கு இரண்டாம் மாதம். அவருக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும்.

"அப்ப அவையள் எதைக் குடிக்கிறது?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். கேட்டவர் வேறு யாருமல்ல, வாய்க்கால் தண்ணீரில் நெருப்புக் காய்ச்சல் வந்து செத்த இளைஞனின் தகப்பன்.

டொக்டர், "வாய்க்கால் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சு..." என்று தொடங்கினார். அந்த மனிதர் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். மகனைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஏதோ விளங்கியிருக்க வேண்டும்.

"வாய்க்காலும் வைகாசியிலை பூட்டுவினம் டொக்டர்," என்றார் ஓவசியர் மெதுவாக.

"கிணத்துத் தண்ணி?"

"உவர்."

டொக்டர் தாங்கியை அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "நான் மேலை அறிவிக்கிறன்," என்றார் கடைசியில். இரண்டு போத்திலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார், கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க.

அவர் போன பிறகு ஆட்கள் கதைத்த கதைகள் எனக்கு நினைவிருக்கின்றன. சிலருக்கு அவர்மேல் கோபம். அழுது கேட்டு வாங்கின தண்ணீரை ஒரு வார்த்தையில் நஞ்சு என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாரே என்று. குழாயைப் பூட்டச் சொல்லி எழுதிவிடுவாரோ என்று இன்னும் சிலருக்குப் பயம். நாலாம் வீட்டுப் பிள்ளை மட்டும் என்னிடம் வந்து, "அக்கா, அப்ப எங்கடை பிள்ளையள்?" என்று கேட்டாள்.

காலையில் முதல் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தோம். வாளி வாளியாக நிலத்தில் போனது. பின்வரிசைகளில் குழாய் வறண்டுபோய், அங்கிருந்து பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் நாங்கள் தரையில் ஊற்றுகிறோம் என்று அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. ஓடவிடுவதை நிறுத்தினோம்.

என் கணவர் எனக்காக ஓவசியரிடம் போய் நின்றார். குளக்கட்டுக்குக் கீழே எஞ்சின் இறைக்கிற அந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே, தாங்கிக்கு ஏறுவதற்கு முன் அங்கேயே அள்ளினால் என்ன என்று கேட்டார். ஓவசியர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "சத்தம் போடாமல் வந்து அள்ளும்," என்றார். சீமெந்துத் தட்டில் ஆளிறங்கும் மூடி ஒன்று இருந்தது. தகரப் பீப்பாவை வண்டிலில் ஏற்றி, இரண்டு மைலுக்கு மேல் போய் வந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அக்காவின் வீட்டுக்கும் கொடுத்தோம். வயலில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. திரும்பி வரும்போது தோள் இரண்டும் தொங்கிப்போய் வருவார். "நீர் குடியும். குடிக்கத்தானே கொண்டுவந்தனான்," என்பார். நான் வேண்டுமென்றே குறைவாகக் குடிப்பேன். அவர் அதைக் கண்டுபிடித்து ஏசுவார்.

நல்ல தண்ணீர் என்றால் அது ஒருவருக்கு மட்டும் எத்தனை நாள் இருக்கும்? நாலாம் வீட்டு வண்டில் போனது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாகப் போகத் தொடங்கின. வைகாசி வெயிலில் கிணறு இறங்கியது. எஞ்சின் காற்றை இழுத்து நின்றது. பெரிய கந்தோரிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, பொதுக்கிணற்றில் தனி ஆட்கள் அள்ளக்கூடாது என்று மூடிக்குப் பூட்டுப் போடுவித்தார். ஓவசியருக்கும் நல்ல ஏச்சு.

அந்தப் பின்னேரம் பீப்பா வெறுமையாக வந்தது. என் கணவர் மாட்டை அவிழ்க்காமல் வண்டிலிலேயே இருந்தார்.

"வாய்க்கால்?" என்று கேட்டேன்.

"பூட்டியாச்சு. கிடங்குகளிலை எருமை கிடக்குது."

உவர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்தேன். நின்ற நிலையில் சத்தி எடுத்தேன். கால் வீங்கியது. மருத்துவிச்சி வந்து காலை அமத்திப் பார்த்து, விரல் பட்ட இடம் குழியாக நின்றதைக் கண்டு பயந்துபோனார். "உப்புத் தண்ணி உனக்கு இப்ப கூடாது பிள்ளை."

"அப்ப எந்தத் தண்ணி கூடும் அம்மா?"

அவர் தன் பையைத் திறந்து எதையோ தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். அதற்குள் இரும்புக் குளிசை தவிர வேறொன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அவர் அழுவதை மறைக்கத்தான் தேடினார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் குழாய்த் தண்ணீர் குடித்தேன். ஆடி, ஆவணி முழுக்கக் குடித்தேன். முதற் குடத்தைப் பாத்திரம் கழுவ வைத்துவிட்டு, மூன்றாவது நாலாவதைக் குடிக்க எடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற காலம். தாகம் என்றால் தொண்டையில் அல்ல, உடம்பு முழுக்க. சிரட்டையில் தண்ணீரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். வயிற்றுக்குள் பிள்ளை அசையும். குடிப்பேன். ஒவ்வொரு தரமும் குடிப்பதற்கு முன் அந்த நிற்றல் இருந்தது. ஒரு தரமாவது குடிக்காமல் வைத்ததாக ஞாபகமில்லை.

இதற்கிடையில் டொக்டருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இது காரணமாகவோ, வழமையான மாற்றமோ தெரியாது. போத்தில்கள் என்ன ஆயின என்று என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். புது டொக்டர் வயதானவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் கணவரின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் குறைவு. கீரை சாப்பிடும்," என்று அனுப்பிவிட்டார். குஞ்சுவுக்கான ஊசியும் வரவேயில்லை.

புரட்டாதியில் தாங்கியை வற்றவிட்டு வேலையாட்கள் வந்தார்கள். டொக்டர் அறிவித்தது பலித்துவிட்டது என்று திட்டம் முழுவதும் கதை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நின்று பார்த்தார். அவர்கள் பழைய பெயின்றைச் சுரண்டி இறக்கினார்கள். செதில் செதிலாகச் சிவப்பு என் முற்றத்தில் பறந்தது. பிறகு புதுப் பெயின்ற் ரின் ஒன்றை உடைத்தார்கள். என் கணவர் குனிந்து பார்த்தார். அதே செந்தூரம். பெரிய மனிதர் யாரோ திட்டத்தைப் பார்க்க வருகிறாராம், அதற்காகப் புதுப்பிக்கிறார்களாம்.

என் கணவர் நேரே ஓவசியரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, இதைத்தானே டொக்டர் கூடாதெண்டவர்."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சும்..."

"ஸ்டோரிலை இருந்து வந்த பெயின்ற் இதுதான். வேறை பெயின்ற் கேட்டால், ஏன் எண்டு கேப்பினம். சோதனை முடிவு எங்கை எண்டு கேப்பினம். என்னட்டை என்ன கிடக்கு?" அவர் குரல் உயர்ந்து பிறகு இறங்கியது. "என்ரை மனுசியும் பிள்ளையளும் இதைத்தான் குடிக்குதுகள், தம்பி."

எனக்கு ஓவசியரிடம் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மாரி தொடங்கிய பிறகு பிள்ளை பிறந்தான். ஆண்பிள்ளை. சின்னவன், கைக்குள் அடங்குகிற அளவு. அழுதான். மருத்துவிச்சி அவனை என் நெஞ்சில் போட்டுவிட்டு வெளியே போய், என் கணவரிடம், "அழுறான், கேக்குதோ? அழுறான்," என்று கத்தியது எனக்குக் கேட்டது. மழை பெய்தவரைக்கும் கூரைத் தண்ணீரைப் பானைகளில் ஏந்தி வைத்துக் குடித்தேன். மழை நின்றதும் மறுபடி குழாய். பாலில் அது போகுமோ என்று கேட்க யாரும் இல்லை. பால் கொடுக்காமல் விட்டால் பால்மாவைக் கரைக்கவும் அதே தண்ணீர்தான்.

குஞ்சுவுக்குப் பேச்சு திரும்ப வந்தது, ஆனால் பழைய பேச்சு அல்ல. ஒரு சொல்லைப் பிடித்தால் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். நடக்கும்போது கால் விரல் நிலத்தில் இழுபடும். பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஒரு மாதத்தில் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பம் காணியைக் கைவிட்டுத் தீவுக்கே திரும்பியது. பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "நீயும் வெளிக்கிடு. இஞ்சை இராதை," என்றார். எங்களுக்குத் தீவில் காணி இல்லை, வீடும் இல்லை. பஸ் போன பிறகு வீதியில் நின்று, போவதென்றால் எங்கே போவது என்று நானும் என் கணவரும் கொஞ்ச நேரம் கதைத்தோம். ஒரு இடமும் தோன்றவில்லை. வீட்டுக்கு நடந்தோம்.

அறுபதுகளில், கல்வெடி வைக்கிற ஆட்கள் வந்து வயற்கரையில் பாறையை உடைத்துப் புதுக் கிணறுகள் வெட்டியபோது சிலவற்றில் நல்ல தண்ணீர் வந்தது. நாங்கள் வெட்டுவித்ததிலும் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் குழாயை விட்டார்கள். எஞ்சின் பழுதானபோது திருத்த யாரும் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. யாரும் அந்தத் தண்ணீரைக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அது அப்படியே நின்றுபோனது. அதற்குள் என் மகன் ஐந்து வயது வரை அதைக் குடித்து வளர்ந்துவிட்டான்.

அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பு ரீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். வாங்கில் இருத்தி, மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, பிள்ளை நல்ல குணம். ஒருத்தரோடையும் சண்டையில்லை. ஆனா சொல்லிக் குடுக்கிறது நிக்குதில்லை. நேற்றுச் சொன்னது இண்டைக்கு இல்லை. சின்னனிலை ஏதும் காய்ச்சல், வலிப்பு வந்ததோ?"

"இல்லை," என்றேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லி என்ன செய்வது? அவர் என்ன செய்வார்? அந்தத் தண்ணீர்தான் என்று எனக்கே தெரியாது. ஒரே வரிசையில், ஒரே குழாயில் குடித்து வளர்ந்த நாலாம் வீட்டுப் பையன் கணக்கில் முதலாவதாக வந்தான். அவனுக்குப் பிறகு பிறந்த ஒன்று அவர்களுக்குத் தங்கவில்லை. எதை எதோடு சேர்த்து எண்ணுவது?

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கால்களால் நெல்லைக் கிளறிக்கொண்டே, "என்ரை பெரியப்பாவும் இப்பிடித்தான், படிப்பு ஏறேல்லை," என்றார். "நல்லா உழைச்சவர்."

அப்படி ஒரு பெரியப்பா இருந்ததாக அவர் அதற்கு முன் ஒருபோதும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் மகனைப் பக்கத்தில் இருத்தி வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னான். இரண்டாம் வாய்ப்பாடு முடிந்து மூன்றாம் வாய்ப்பாட்டில் நடுவழியில் நின்றான். நான் சொல்லிக் கொடுத்தேன். சொன்னான். மறுபடியும் கேட்டேன். அது அவனிடம் இல்லை. அவன் அழவில்லை, முகம் வாடவும் இல்லை. என்னைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தான்.